நாளைக்கு எடுத்து வைத்த சாப்பாடு: பனாட்டுப் பாயிலிருந்து ஃப்ரீசர் வரை

ஒரு கிழமைக்குரிய சமையலை ஞாயிற்றுக்கிழமையே முடித்து, பெட்டி பெட்டியாக ஃப்ரீசரில் அடுக்கிக் காட்டும் வீடியோக்கள் இப்ப எல்லாருடைய போனிலும் வருகின்றன. துருவின தேங்காய்ப்பூ ஒரு பை, அரைத்த உள்ளி இஞ்சி ஒரு பெட்டி, தூள் பிரட்டின கோழி, தோல் சீவி வெட்டின மாம்பழம், கொட்டை நீக்கின பலாச்சுளை. பார்க்கிற இளம் ஆக்களுக்கு இது நவீன வாழ்க்கையின் கெட்டித்தனம். வீட்டிலுள்ள பெரிய ஆக்களுக்கோ இது 'ஐஸ்பெட்டிச் சாப்பாடு', சோம்பேறித்தனத்தின் அடையாளம். 'நாங்கள் அண்டண்டைக்குச் சமைச்சுச் சாப்பிட்ட ஆக்கள்' எண்டு ஒரு பெருமையும் கூடவே வரும்.

வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இந்த இரண்டு கதையும் சரிவராது. நாளைக்கு எண்டு எடுத்து வைப்பது எங்கள் குசினிகளின் மிகப் பழைய வேலை. ஃப்ரீசர் மாற்றியது வேறொன்றை: எடுத்து வைத்த சாப்பாடு பழுதாகாமல் இருக்க யாரை, எதை நம்ப வேண்டும் என்பதை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பழத்தைப் பாயில் வைத்த காலம்

யாழ்ப்பாணத்தில் ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழத் தொடங்கும். விழுந்த பழம் கன நாள் நிற்காது, புழு வைத்துவிடும். ஒரே நேரத்தில் கொட்டுகிற பழத்தை ஒரு வீடு தின்று முடிக்கவும் ஏலாது. இந்தச் சிக்கலுக்கு எங்கள் ஊர் கண்ட விடைதான் பனாட்டு. பழத்தைத் தோலுரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பை நீக்கிக் களியை வடிப்பார்கள். அந்தக் களியைப் பனையோலைப் பாயில் மெல்லிசாகப் பரவி வெயிலில் காயவிடுவார்கள். அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு படை, பிறகு இன்னொன்று. பல நாள் இப்படிப் படை படையாக ஏற்றி, கடைசியில் பாயிலிருந்து உரித்து வெட்டி எடுத்து வைத்தால் அடுத்த மழைக்காலம் தாண்டியும் நிற்கும். அதையே துண்டாக்கிப் பனம்பாணியில் ஊறவிட்டால் பாணிப்பனாட்டு.

வேலை அதோடு முடியவில்லை. களி எடுத்த விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடினால், சில மாதத்தில் கிழங்கு. பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கினால் கூழுக்கும் பிட்டுக்கும் ஆகும். ஆவணியில் விழுந்த ஒரு பழம், பனாட்டாகவும் ஒடியலாகவும் மாறி அடுத்த ஆவணி வரைக்கும் வீட்டைத் தாங்கும். வில்லியம் பெர்குசன் 1850 இல் கொழும்பில் பனையைப் பற்றித் தனி நூலொன்றையே வெளியிட்டார் எண்டால், காரணம் இல்லாமல் இல்லை.

பனை மட்டுமில்லை. மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், பாகற்காய் வற்றல், தேசிக்காய் ஊறுகாய், கருவாடு எல்லாமே ஒரு நாள் உழைத்துப் பல நாள் சாப்பிடுகிற ஏற்பாடுகள். வறுத்த அரிசிமாவும் இடித்த மிளகாய்த்தூளும் கூட அப்படித்தான். மா வறுத்து இருந்தால் காலமை பிட்டு அரை மணித்தியாலத்தில் முடியும். தெற்கே போனால் பலாவைக் காயவைத்து எடுக்கும் 'அட்டு கொஸ்', கொறுக்காயும் உப்பும் சேர்த்து மீனை அடைக்கும் 'ஜாடி', உப்பிட்ட தேசிக்காயான 'லுணு தெஹி' எண்டு சிங்களக் கிராமங்களுக்கும் தங்கள் தங்கள் முறைகள் இருந்தன. இந்தத் தீவில் 'அண்டண்டைக்குச் சமைத்தது' என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஏற்கெனவே பானையிலும் கடகத்திலும் இருந்தது.

விஞ்ஞானம் ஒன்றேதான்

கிருமிக்கும் பூஞ்சணத்துக்கும் வாழத் தண்ணீர் வேணும். வெயில் அந்தத் தண்ணீரை வெளியேற்றுகிறது. உப்பும் சீனியும் அதைக் கட்டிப்போட்டு, கிருமிக்குக் கிடைக்காமல் செய்கின்றன. ஃப்ரீசர் அதே தண்ணீரைக் கட்டியாக்கிப் பூட்டி வைக்கிறது. மைனஸ் 18 பாகை செல்சியஸில் கிருமிகள் பெருகுவது நின்றுவிடும், ஆனால் அவை செத்துப்போவதில்லை. உருகியதும் திரும்ப வேலையைத் தொடங்கும். உருகி நெடுநேரம் கிடந்த மீனைத் திரும்ப உறையவைக்கக் கூடாது எண்டு சொல்வது இதனால்தான்.

பழத்தில் இன்னொரு சிக்கல். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்பளிங்குகள் உருவாகிக் கலங்களைக் கிழித்துவிடும்; எடுத்து வைத்தால் தண்ணீர் விட்டுக் குழையும். அதனால்தான் மாம்பழத்தையோ பலாச்சுளையையோ ஒரே கட்டியாகப் பையில் அமத்தாமல், தட்டில் ஒட்டாமல் பரப்பி முதலில் உறையவைத்து, பிறகு காற்றுப் போகாமல் பையில் போட வேணும். கறி எண்டால் நல்லா ஆறவிட்டு, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, திகதி எழுதி வைப்பது நல்லது. உருளைக்கிழங்கு போட்ட கறி உறைந்து உருகினால் மாவு மாவாகும். தேங்காய்ப்பால் திரிந்து நிற்கும். பாலைக் கடைசியில், சூடாக்கும்போது விடுவதுதான் புத்தி.

ஊறுகாய்ப் போத்தலுக்குள் ஈரக் கரண்டி போட்டதற்காகப் பேச்சு வாங்காத ஆக்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. அந்தப் பேச்சுக்கும் ஃப்ரீசர் பையில் காற்றை அமத்தி வெளியேற்றச் சொல்கிற வீடியோவுக்கும் பின்னால் இருக்கிற அறிவு ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது.

ஐஸ் வந்த வழி

வெப்ப நாடுகளுக்கு ஐஸ் முதலில் இயற்கைப் பொருளாகத்தான் வந்தது. பொஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்கக் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டிய ஐஸை மரத்தூளில் பொதிந்து 1833 இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். ஏறத்தாழ 180 தொன் ஏற்றி, வழியில் கரைந்தது போக 100 தொன் அளவில் போய்ச் சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842 இல் அவருடைய கொம்பனி கட்டிய ஐஸ் ஹவுஸ் இப்ப விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கொழும்பில் 1860 களில் இயந்திரத்தால் ஐஸ் செய்யும் கொம்பனி தொடங்கியது. எலிபன்ட் ஹவுஸ் எண்டு நாங்கள் அறிந்த சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குளிர் முதலில் யாருக்காக வந்தது? வெள்ளைக்காரருடைய பானத்துக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும். பனங்களி பரவிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதில் பங்கில்லை.

இன்றைய உறைந்த உணவின் கதை கனடாவின் லாப்ரடோர் குளிரில் தொடங்குகிறது. 1910 களில் அங்கே வேலை செய்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் உடனே உறைந்துபோவதையும், மாதக் கணக்கின் பின் உருக்கினாலும் புது மீனைப் போலவே இருப்பதையும் கவனித்தார். விரைவாக உறையவைக்கும் இயந்திரத்தைச் செய்து காப்புரிமை பெற்றார். 1929 இல் அந்தத் தொழிலை 22 மில்லியன் டொலருக்கு விற்றார். 1930 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் உறைந்த மரக்கறி, பழம், மீன், இறைச்சி பரீட்சார்த்தமாக விற்பனைக்கு வந்தன. அறிவு இனுயிட் மக்களுடையது. பெயரும் காசும் வேறிடத்துக்குப் போயின. எங்கள் பக்க வரலாறுகளிலும் பழக்கமான கதைதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் ஃப்ரீசர் பரவியது. எங்கள் தீவில் அந்த வேகம் வரவில்லை, ஏனென்றால் ஃப்ரீசருக்கு முதலில் வயர் வேணும். லக்சபான நீர்மின் நிலையத்தின் முதல் கட்டம் 1950 இல்தான் ஓடத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை உருவானது 1969 இல். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இறக்குமதிச் சாமான்கள் வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போன அம்மாக்களின் உழைப்பால் பல வீடுகளுக்குள் முதல் ஃப்ரிட்ஜ் வந்தது. வேற ஆக்களின்ர குசினியில் நின்று உழைத்த காசில் சொந்தக் குசினிக்கு வந்த பெட்டி அது.

வயர் அறுந்தபோது

1990 இல் போர் திரும்ப மூண்டபோது யாழ்ப்பாணம் தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே குடாநாடு அந்தக் கம்பியில் முழுமையாகத் திரும்ப இணைந்தது. பொருளாதாரத் தடை வேறு. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் வரவில்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை எங்கள் அம்மா அப்பாமாருடையது. எங்கட அம்மம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் அந்த நாட்களில் பாடப்புத்தகம் வைக்கும் அலுமாரியாக இருந்தது. எலி போகாது, கறையான் ஏறாது எண்டு சொல்லுவா.

அந்த நேரத்தில் பழைய அறிவு திரும்ப வேலைக்கு வந்தது. ஐஸ் இல்லாத மீன் கருவாடானது. ஒடியல் மா கூழாக மட்டுமில்லாமல் நேரச் சாப்பாடாகவும் ஆனது. 2006 ஆகஸ்ட் 11 இல் ஏ9 வீதி மூடப்பட்டபோதும் அதே கதைதான். சங்கக்கடை வரிசையும், வீட்டில் காய்ந்து கிடந்ததும்தான் கை கொடுத்தன.

இந்த இடத்தில் ஒரு பழக்கமான முடிவுக்குத் தாவிவிடலாம்: மின்சாரம் கைவிட்டது, பாரம்பரியம் காப்பாற்றியது எண்டு. அது முழு உண்மை இல்லை. பனாட்டுப் போடப் பாய் மட்டும் போதாது. வளவு வேணும், மரம் வேணும், ஒரே இடத்தில் இருக்கப் பல நாள் வேணும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த லட்சக்கணக்கான சனத்திடம் இதில் எதுவும் மிஞ்சவில்லை. கையில் தூக்க ஏலுமானதுதான் சாப்பாடு. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகள் வெட்டப்பட்டன. 2009 இல் வன்னியில் சில நாளுக்கு ஒருக்கால் இடம் மாறி ஓடிய ஆக்களுக்கு எடுத்து வைக்க எதுவும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அதனால்தான் அங்கே மிஞ்சியது கஞ்சி. ஒரு பிடி அரிசியை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்த நேரமே குடித்து முடிக்கிற சாப்பாடு அது. முள்ளிவாய்க்கால் கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் பகிரும்போது, 'நாளை' என்பதே பறிபோன ஒரு குசினியையும் நாங்கள் நினைவுகூருகிறோம்.

ஃப்ரீசருக்கு வயர் வேணும், பனாட்டுக்கு முற்றம் வேணும். இரண்டுக்குமே கலைக்கப்படாத வீடு வேணும்.

தீவு முழுக்க இருட்டான வருசம்

1996 இலும் 2001, 2002 இலும் வறட்சியால் மின்வெட்டு வந்தபோது தெற்கும் இருட்டைக் கண்டது. ஆனால் 2022 வேற மாதிரி. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நிரம்பிய ஃப்ரீசர் ஒன்றைத் திறக்காமல் வைத்தால் ஏறத்தாழ 48 மணித்தியாலம் குளிர் நிற்கும், பாதி நிரம்பியது 24 மணித்தியாலம். ஒவ்வொரு நாளும் கரண்ட் போய் வந்தால் பெட்டி திரும்ப முழுக் குளிருக்குப் போக அவகாசம் கிடையாது. மீன் வாங்கி அடுக்கி வைத்த வீடுகள் அதைக் கெதியாகச் சமைத்து அயலுக்கும் குடுத்தன. சமைக்க காஸும் இல்லாத வீடுகள் என்ன செய்திருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கள்.

பிறகு கரண்ட் வந்தது, விலையோடு. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். 'மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் போட்டால் மிச்சம்' என்கிற வீடியோ அறிவுரை ஒரு நிபந்தனையோடு வருகிறது: மொத்தமாக வாங்கக் கையில் காசு இருக்க வேணும், மாசம் முடிய லைட் பில் கட்டவும் இருக்க வேணும். நாட்கூலிக்குப் போகிற ஒரு வீட்டில் அண்டண்டைக்கு வாங்கி அண்டண்டைக்குச் சமைப்பது பாரம்பரியப் பெருமையால் இல்லை. நாளைக்கான காசு இன்றைக்குக் கையில் இல்லாததால்.

யாருடைய கை?

வெயிலானாலும் குளிரானாலும் இந்த வேலைக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. பனையில் ஏறியதும் இறக்கியதும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். களி பிசைந்ததும், முகில் கறுத்தால் பாயை உள்ளே இழுத்ததும் பெண்கள். ஒடியற்கூழை ஏழைகளின் சாப்பாடு எண்டு நக்கலடித்த வீடுகளின் பிள்ளைகள் இன்று அதை யாழ்ப்பாணத்து அடையாளமாகப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானது. பனம்பொருளுக்கு இன்றைக்குக் கடையில் நல்ல மதிப்பு. உழைத்தவர்களுக்கு அந்த மதிப்பில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தனியாகப் பேச வேண்டிய கணக்கு.

ஃப்ரீசர் குசினியிலும் கை மாறவில்லை. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இரண்டு வேலைக்குப் போகும் எங்கள் சித்திமாரின் சனிக்கிழமை, கிழமைக்கான கறிகளைச் சமைத்து அடுக்குவதில் போகிறது. அங்கத்தைத் தமிழ்க் கடைகளில் உறைந்த தேங்காய்ப்பூவும் முருங்கைக்காயும் கிடைப்பது அவர்களுடைய நேரத்தைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது. இங்கேயும் ஆசிரியர், தாதி, கடைப்பிள்ளை எண்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஃப்ரீசர் ஒரு மூச்சு விடும் இடம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் மீன் வாசம் போக அந்தப் பெட்டியைக் கழுவித் துடைப்பதும் அவர்கள்தான். 25 நாள் திருவிழா முடிய மீன் வாங்கித் துப்புரவாக்கித் திரும்ப நிரப்புவதும் அவர்கள்தான். இத்தனைக்கும் பிறகு 'ஐஸ்பெட்டிச் சாப்பாடு' எண்டு பேச்சு விழுவது அவர்கள் மேல். பனாட்டை யாரும் 'பழைய சாப்பாடு' எண்டு திட்டினதில்லை. ஒரு முறை பாரம்பரியமாகவும் இன்னொன்று சோம்பலாகவும் தெரிவதற்குக் காரணம் சுவை மட்டுமில்லை. பெண் வீட்டுக்கு வெளியே உழைக்கப் போனது எங்களுக்கு இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை.

இப்ப பனம்பழக் காலத்தில் பல வீடுகள் களியை வடித்து, பைகளில் போட்டு ஃப்ரீசரில் வைக்கின்றன. மார்கழியில் எடுத்து உருக்கிப் பனங்காய்ப் பணியாரம் சுடலாம். எனக்கு இதில் ஒரு மனக்குறையும் இல்லை. பணியாரம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் கரண்ட் திரும்ப ஒரு நாள் நீளமாகப் போனால், அந்தக் களியைப் பாயில் எவ்வளவு மெல்லிசாகப் பரவ வேணும், எந்தப் பதத்தில் அடுத்த படையை ஏற்ற வேணும் எண்டு தெரிந்த ஆள் அந்த வீட்டில் இருக்க வேணும். இந்த அறிவு பெரும்பாலும் எழுத்தில் இல்லை, எழுபது எண்பது வயதுக் கைகளில் இருக்கு. வாற ஆவணியில் ஊருக்குப் போகிற ஆக்கள் ஒரு பின்னேரம் அவர்களோடு இருந்து, கேட்டு, எழுதிக்கொண்டு வாங்கோ. பாயையும் பிடிச்சுக் குடுங்கோ.